இரட்டைக்கொம்பு

மாதத்தின் முதல் சனி.
தட்டாதெருச் சந்திப் போட்டோகொப்பிக் கடையில்
"இந்த முறையும் நாப்பத்தொண்டோ அக்கா?"
என்கிறான் கௌரிதாசன்.
ஓம், நாற்பத்தொன்று.
என் இரண்டாவது புத்தகம் விற்றது முப்பத்தெட்டு.
ஆகவே இது வளர்ச்சிதான்.

இரண்டு பக்கம். நாலாய் மடித்தால்
உறைக்குள் சரியாகப் போகும்.
எழுதிக்கொண்டிருக்கும் கதை,
எழுத முடியாமல் போன கதை,
கொக்குவில் ரயில் கடவையில் காத்து நின்றபோது
காதில் விழுந்த ஒரு சண்டை.
ஒன்றும் நடக்காத மாதத்தில்
அந்த ஒன்றுமில்லாமையையே ஒன்றரைப் பக்கத்துக்கு.

பதில் வரும், வராது.
ஒஸ்லோ யோகராணி எப்போதும் "அருமை" என்று மட்டும் எழுதுவா.
அந்த ஒரு சொல்லுக்கு அவ கட்டும்
முத்திரைக் காசை நினைத்தால் மனம் கூசும்.
வவுனியாவில் ஒருவர், என் தாள்களின் பின்பக்கத்தில்
கடைக்கணக்குப் போடுவதாக ஒத்துக்கொண்டார்.
பேசாலை லெம்பெட் மட்டும்
(வெளியீட்டு விழா இரைச்சலுக்குள் கேட்டு எழுதிய பெயர்)
பிழை பிடிப்பார்.

தபாலட்டை. பச்சை மை. வணக்கம்கூட இல்லை.
கீழே பெயர் இராது, ஒரு சுழி.
"ஆடியில் வாடை வீசாது. அது சோளகம்."
"உங்கள் மீனவன் வலை மடிக்கவில்லை, சேலை மடிக்கிறான்."
"போன மாதம் செத்த மாமா
இந்த மாதம் தேத்தண்ணி குடிக்கிறார்."

முதல் வருசம் கோபம் வந்தது.
இரண்டாம் வருசம் பயந்து
கலண்டரைப் பக்கத்தில் வைத்து எழுதினேன்.
பிறகு, எப்போதென்று தெரியாது,
ஒரு வரி முடியமுன்னமே
பச்சை மை காதில் கேட்கத் தொடங்கியது.

இந்த வருசம் தை, மாசி, பங்குனி
அட்டை இல்லை.
தபால்காரரிடம் நேரே கேட்க வெட்கம்.
"மன்னார்ப் பக்கத்துத் தபால் ஏதும் பிந்துதோ?"
"அது ஒழுங்காய்த்தான் வருது பிள்ளை."

சித்திரைக் கடிதத்தில் வேண்டுமென்றே மூன்று வைத்தேன்.
காரைநகர் பஸ்ஸைப் பருத்தித்துறை வழியாக ஓடவிட்டேன்.
அமாவாசையன்று ஒரு பெண்ணை நிலவில் நடத்தினேன்.
மாசியில் பனம்பழம் விழுத்தினேன்.
தூண்டிலில் இரை குத்துவதுபோல.
சரியாய்க் குத்தினேனா என்பதையும்
அவர்தான் சொல்லவேண்டும்.

மற்ற எல்லாரும் விழுங்கிவிட்டார்கள்.
ஒஸ்லோ: அருமை.
கௌரிதாசன் மட்டும், மெசினுக்குள் தாளைத் தள்ளியபடி,
"காரைநகர் பஸ் ரூட்டை மாத்திப்போட்டாங்களோ அக்கா?"

வைகாசி முடியும்போது ஓர் உறை.
நீல மை. வட்ட வட்டமான கையெழுத்து.
"அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஒப்பரேசன்.
உங்கள் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டினேன்.
இனி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

பஸ், நிலவு, பனம்பழம்
மூன்றும் தெரிந்தே விட்டவை.
பகிடிக்குப் பதில் எழுதுவதில்லை.
தெரியாமல் விட்டது ஒன்று இருக்கிறது, ஆறு வருசமாய்.
உறையில் என் பெயர்.
அதற்கு இரட்டைக்கொம்பு வரவேணும்.
திருத்தினால், இவ்வளவு நாளும் வந்ததெல்லாம்
வேறை ஆருக்கோ எழுதினதாய்ப் போயிடுமோ எண்டு
பேசாமல் இருந்தனான்."

விலாசக் கொப்பியை எடுத்தேன்.
ஒற்றைக்கொம்பின் தலையில் இன்னொரு சுழி.
மை கொஞ்சம் ஊறிவிட்டது,
பக்கத்து வீட்டு இலக்கம் வரை.

கரண்ட் இல்லை.
ஆனிக் கடிதம் இன்னும் ஒரு வரிகூட ஆகவில்லை.
யன்னல் கதவு அடித்துக்கொள்கிறது.
எழுதமுன் எழும்பிப்போய்
எந்தப் பக்கத்துக் காற்றென்று பார்த்துவிட்டு வந்தேன்.

சோளகம்தான், லெம்பேட்.